இரண்டாவது எண்

“நீங்க குடுத்த புது மருமக நல்லவதான் தங்கச்சி. ஆனா எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்றா” என்றார் ஓமுர்ஜாக் பைகே தொலைபேசியில். “அக்டோபர்ல வந்தப்ப இருநூத்திப் பன்னெண்டுன்னா. ஜனவரிக் குளிர்ல இருநூத்திப் பன்னெண்டு. இப்ப மே மாசம், என் கொட்டகைக் கூரையே சொட்டுது. அவ இன்னும் இருநூத்திப் பன்னெண்டுலயே நிக்கிறா. புது வீட்ல வாயத் தொறக்க பயமோ என்னவோ.”

நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தேன்.

பைகே என்றால் எங்கள் மொழியில் அண்ணன். அவர் மருமகள் என்றது நாங்கள் செய்த பெட்டியை. தாஷ்-கொரோ கிராமத்துக்கு மேலே, ஐந்து மணி நேர ஏற்றத்தில், பனியாறு உருகித் தேங்கிய ஏரி ஒன்று இருக்கிறது. அதற்குக் கரை என்று தனியாக யாரும் கட்டவில்லை. கல்லும் பழைய பனியும் கலந்த ஒரு மேடு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மேடு விட்டுக்கொடுத்தால் கீழே வருவது வெறும் தண்ணீர் அல்ல. கல், சேறு, வேரோடு பிடுங்கிய மரம் எல்லாம் சேர்ந்து ஓடிவரும். அதை நாங்கள் செல் என்போம். பத்தொன்பது ஆண்டுகள், பனி விட்ட நாளிலிருந்து மறுபடி பனி விழும் நாள் வரை, ஓமுர்ஜாக் பைகே அந்த ஏரியருகே ஒரு தகரக் குடிலில் இருந்தார். காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்து வானொலியில் நீர்மட்டம் சொல்வது அவர் வேலை. போன அக்டோபரில் பேரிடர்த் துறைக்காரர்கள் அந்த வேலையை எங்கள் பெட்டிக்குக் கொடுத்தார்கள். அவருடைய வானொலியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

பெட்டி பாறை மேல் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி ஏரியின் அடிக்குப் போகிறது. கம்பி முனையில் இருக்கும் சென்சார் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும். அரைமணிக்கு ஒருமுறை பெட்டி ஓர் எண்ணை அனுப்பும், தண்ணீரின் ஆழம், சென்டிமீட்டரில். கிராமத்தின் நடுவே, மேட்டுத் தெருவில், ஒரு கம்பம். அதில் அந்த எண் தெரியும், கூடவே ஒரு பச்சை விளக்கு. எண் முந்நூற்று ஐம்பதைத் தாண்டினால் விளக்கு சிவப்பாகி சங்கு ஊதும். அவ்வளவுதான். சிறிய வேலை. அந்தப் பெட்டிக்குள் ஓடும் கர்னலை, அதாவது மற்ற மென்பொருளுக்கெல்லாம் அடித்தளமான பகுதியை, அதன் செயலிக்கும் நினைவகத்துக்கும் ஏற்றபடி கட்டமைத்தவள் நான்.

அழைப்பு முடிந்ததும் பதிவுகளைத் திறந்தேன். ஏழு மாதம், நாளுக்கு நாற்பத்தெட்டு எண்கள். 212. 212. 212. திரையைக் கீழே இழுத்துக்கொண்டே போனேன். ஒருமுறைகூட 211 இல்லை. ஒருமுறைகூட 213 இல்லை.

இதை நான் முதல் தடவையாகப் பார்க்கவில்லை என்பதுதான் இப்போது என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. டிசம்பரில் பார்த்தேன். பிப்ரவரியில் எங்கள் முதலாளி எர்னிஸ் இதையே ஒரு கூட்டத்தில் திரையில் போட்டு, எவ்வளவு நிலையாக இருக்கிறது பாருங்கள் என்றபோது அந்த அறையில் நானும் இருந்தேன். ஏரி உறைந்திருக்கிறது, அதனால் அசையவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உறைந்த ஏரியின் அடியிலும் சென்சார் நடுங்கும். காற்றழுத்தம் மாறினால் நடுங்கும், பேட்டரி குளிர்ந்தால் நடுங்கும். பதினாறு வருடமாக இந்த வேலை செய்கிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். அந்த நேர்க்கோடு எனக்குப் பிடித்திருந்தது. பிடித்த ஒன்றை யார் சந்தேகப்படுவார்கள்?

என்ன நடந்திருக்கும் என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. சரிபார்க்க இன்னொரு அரை மணி.

போன ஆகஸ்டில் நாங்கள் கேட்ட சிப் வரவில்லை, அதன் தம்பி வந்தது. கேட்டதில் பாதி நினைவகம், அதுவும் இரண்டு அறைகளாகப் பிரிந்தது. பெரிய அறை தொண்ணூற்றாறு கிலோபைட், சின்ன அறை முப்பத்திரண்டு. திருப்பி அனுப்ப நேரமில்லை, அக்டோபர் நடுவில் மலைப்பாதை மூடிவிடும். “எஜே, நீங்க நெனச்சா இதுக்குள்ள ஒரு யானையையே மடிச்சு வச்சிடுவீங்க” என்றான் எர்னிஸ். எஜே என்றால் அக்கா. என்னைவிட ஒன்பது வயது இளையவன். புகழ்ந்தால் நான் வேலை செய்வேன் என்பது அவனுக்குத் தெரியும்.

கர்னலைக் கட்டமைப்பது வெளியிலிருந்து பார்த்தால் வேலை மாதிரியே தெரியாது. நீலத் திரையில் நீண்ட பட்டியல். ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி. எந்தச் செயலி, என்ன வேகம், நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம். பிறகு நூற்றுக்கணக்கான வேண்டுமா, வேண்டாமா. ஒவ்வொரு ‘வேண்டாம்’ சொல்லும்போதும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஒரு பணி இன்னொன்றின் இடத்தில் கைவைக்காமல் தடுக்கும் காவல் வேண்டுமா? வேண்டாம். பிழை நேர்ந்தால் அதைச் சொல்லும் செய்திகள்? வேண்டாம். பெட்டியிலேயே எண்ணைக் காட்டும் சின்னத் திரை? மலையுச்சியில் யார் பார்க்கப்போகிறார்கள், வேண்டாம். வானொலியில் கீழிருந்து வரும் கட்டளைகளைக் கேட்கும் பகுதி? பெட்டி பேசினால் போதும், கேட்க வேண்டாம்.

மூன்று வாரம் வேண்டாம், வேண்டாம் என்றே போனது. அந்த மூன்று வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. சுருக்குவது எனக்குக் கைவந்தது. மணவிலக்குக்குப் பிறகு ஓர் அறை வீட்டுக்கு வந்தபோதும் இப்படித்தான் இரண்டு தட்டு, ஒரு வாணலி, ஒரு நாற்காலி என்று குறைத்தேன். யாராவது வந்தால் உட்கார இடமில்லையே என்று தங்கை கேட்டாள். யாரும் வருவதில்லை என்றேன், ஏதோ சாதித்தவள் போல.

எல்லாம் குறைத்தும் பெரிய அறையில் இன்னும் பதினொரு கிலோபைட் இடம் பற்றவில்லை. அதனால் தரவைத் தேக்கிவைக்கும் பெரிய தொட்டிகள் சிலவற்றைச் சின்ன அறைக்கு மாற்றினேன். சென்சாரிலிருந்து வரும் எண்கள் வந்து விழும் தொட்டியும் அதில் ஒன்று.

சென்சாரின் எண்களைச் செயலி தானே போய் எடுத்துவருவதில்லை. அதற்கென்று சிப்புக்குள் தனியாக ஒரு பகுதி உண்டு. செயலி தூங்கினாலும் அது எண்களைச் சுமந்துபோய் நினைவகத்தில் போடும். அலுவலகத்தில் அதைச் சுமைக்காரன் என்போம். இந்தச் சிப்பில் பெரிய அறைக்கு இரண்டு கதவு, செயலிக்கு ஒன்று, சுமைக்காரனுக்கு ஒன்று. சின்ன அறைக்கு ஒரே கதவு, அதில் செயலி மட்டுமே நுழைய முடியும். ஆயிரத்து நூறு பக்கக் கையேட்டில் இது ஒரே ஒரு வரி. இரண்டு வருடம் முன்பு வேறொரு வேலைக்காக அந்த வரியை நான் வாசித்திருக்கிறேன். ஓரத்தில் பென்சில் கோடு இருக்கிறது, என் கோடுதான்.

சுமைக்காரன் மூடிய கதவில் முட்டிவிட்டுத் திரும்பிவிடுவான். முட்டியதைச் சொல்லும் செய்தியை நான் வேண்டாம் என்றிருந்தேன். தொட்டியில் மிஞ்சுவது ஒரே ஓர் எண். பெட்டி உயிர்பெறும் கணத்தில் செயலி சோதனைக்காகத் தானே ஒருமுறை அளந்து போட்டுவைக்கும் எண். மின்சாரம் கொடுத்த நொடியில் ஏரி எவ்வளவு இருந்ததோ, அதையே பெட்டி என்றென்றும் சொல்லிக்கொண்டிருக்கும்.

பிறகு எப்படிச் சோதனையில் தேறியது? எங்கள் பழக்கத்தால். முந்தின ஆண்டு யாரோ ஈரக் கையோடு சென்சாரை நகர்த்தி ஒரு போர்டு புகைந்துபோனது. அன்றிலிருந்து எங்கள் மேசையில் சட்டம்: சென்சாரைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தை அணை. வாளியில் நாற்பது சென்டிமீட்டர் தண்ணீர், மின்சாரம், நாற்பது. அணை, தண்ணீர் ஊற்று, மின்சாரம், அறுபது. ஒவ்வொரு முறையும் சரியான எண். ஒவ்வொரு முறையும் பெட்டி புதிதாகப் பிறந்து ஒரே ஓர் உண்மையைச் சொன்னது. எண்பது முறை சோதித்தோம். ஓடிக்கொண்டிருக்கும்போது வாளியில் ஒரு குவளை ஊற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எர்னிஸிடம் சொன்னேன். அவன் கதவைச் சாத்தினான்.

“எஜே, மெதுவா. எத்தனை பெட்டி?”

“இது ஒண்ணுதான் மேல இருக்கு.”

“அப்ப ரேடியோல புது மென்பொருள் அனுப்புங்க.”

“அதுக்குக் காது கிடையாது. நான்தான் எடுத்தேன்.”

“ரீஸ்டார்ட்டாவது?”

“அதுக்கும் காது வேணும்.”

அவன் நெற்றியைத் தேய்த்தான். “ஜூன் பன்னெண்டாம் தேதி ஹெலிகாப்டர் போகுது. அதுல ஏறிப் போய் மாத்திடுங்க. அதுவரைக்கும் இதை யார்கிட்டயும் வாய் விடாதீங்க. ஒப்படைச்ச காகிதத்துல உங்க கையெழுத்துதான் இருக்கு, என்னுது இல்ல.”

அவன் மிரட்டவில்லை. உண்மையிலேயே என்மேல் பரிதாபப்பட்டுச் சொன்னான். அதனாலேயே வெளியே வந்து துறை அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

“எங்க திரைல பச்சையா இருக்கேம்மா.”

“அந்தப் பச்சைதான் பொய்.”

“பழுதுன்னா மஞ்சள் காட்டும்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க? மஞ்சள் வரட்டும், ஆள் அனுப்புறோம்.”

“பழைய ஆளையாவது மேல அனுப்புங்க. ஓமுர்ஜாக்கை.”

“அந்தப் பணியிடமே இப்ப இல்லையேம்மா. இல்லாத ஆளை எப்படி அனுப்புறது?”

மேற்குச் சந்தையிலிருந்து புறப்படும் பங்கு டாக்சியில் ஏறினேன். பின் இருக்கையில் ஒருத்தி மடியில் கோழிக் கூடையோடு வழி முழுக்கத் தன் நாத்தனாரைத் திட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு அது உதவியாக இருந்தது. பள்ளத்தாக்கில் திரும்பியபோது வெயில் இன்னும் இருந்தது. ஆறு பழுப்பாக, சத்தமாக ஓடியது. கம்பத்தில் பச்சை. 212.

ஓமுர்ஜாக் பைகேயின் மனைவி பூர்மகான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். “வா வா. மருமகளைப் பெத்தவளே நேர்ல வந்துட்டா. சீதனம் ஏதும் பாக்கியா?” என்றாள். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவள் கை மாவிலேயே நின்றிருந்தது.

ஓமுர்ஜாக் பைகே கோபப்படவில்லை. “அப்ப ஏழு மாசமா கம்பத்துல தெரியுறது நீங்க வந்து மாட்டுன அன்னைக்கு இருந்த தண்ணி” என்றார்.

“ஆமா.”

“என் கல்யாண போட்டோ மாதிரி. அதுல எனக்கு முடி இருக்கும்.”

பிறகு எழுந்து ஊர்த்தலைவர் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். மறுநாள் ஆற்றங்கரைத் திடலில் தலைவரின் பேரனுக்கு விழா. நடக்கத் தொடங்கிய குழந்தையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையுமான கயிற்றால் கட்டுவார்கள், ஓட்டப்பந்தயத்தில் ஜெயிப்பவர் அதை அறுப்பார். முந்நூறு பேர் வருவார்கள். முற்றத்தில் ஏற்கெனவே ஒரு குதிரையை அறுத்திருந்தார்கள்.

“விழாவை மேல, பள்ளிக்கூட மைதானத்துக்கு மாத்துங்க” என்றேன்.

தலைவர் கம்பத்தை நோக்கிக் கைகாட்டினார். “அது என்ன நிறம்?”

“பச்சை. ஆனா...”

“அக்டோபர்ல இதே கம்பத்துக்கிட்ட நின்னு நீ என்ன சொன்னே? ‘இந்தப் பச்சை எரியுற வரைக்கும் நிம்மதியாத் தூங்குங்க’ன்னு சொன்னே. என் மக வீடியோவே எடுத்து வச்சிருக்கா, போடட்டுமா?”

“அப்பத் தப்பாச் சொல்லிட்டேன்.”

“அப்பத் தப்பாச் சொன்னவ இப்பச் சரியாச் சொல்றேன்னு எப்படிம்மா நம்புறது?” அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார். ஒருவர் ஓமுர்ஜாக் பைகேயின் முதுகில் தட்டி, “போன வேலையைப் புடிக்க நல்ல ஆளைக் கூட்டியாந்திருக்கேடா” என்றார். பைகேயின் முகம் முதல் தடவையாகச் சுருங்கியது.

திரும்பும் வழியில்தான் சொன்னார். “நான் போயிட்டு வரேன். விடியக் கெளம்புனா பதினோரு மணி வாக்குல மேல இருப்பேன்.”

“நானும் வரேன்.”

“பனி இளகிக் கெடக்கு. உன்னைத் தூக்கிட்டு ஏறுற வயசு எனக்கில்ல. அதோட, நீ கீழ இரு. எண் வந்தா படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்ல.”

பெட்டியின் பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. உள்ளே ஒரு பட்டன். அழுத்தினால் பெட்டி அணைந்து மறுபடி உயிர்பெறும், ஒருமுறை உண்மையாக அளக்கும், உடனே அனுப்பும். காகிதத்தில் வரைந்து காட்டினேன். பூர்மகான் தலைத்துணியிலிருந்து ஒரு நீளமான ஊக்கை உருவி அவரிடம் கொடுத்தாள். “தொலைச்சிட்டு வராதே. அது என் அம்மா கொடுத்தது.”

“தொலைச்சா ஒரு பொட்டி ஊக்கே வாங்கித் தரேன்.”

அப்போதுதான் அதைச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. “பைகே, ரெண்டு தடவை அழுத்துங்க. போன உடனே ஒண்ணு. அங்கயே இருந்து, ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு.”

“எதுக்கு ரெண்டு?”

“ஒரு எண் மட்டும் இருந்தா ஏரி எவ்வளவு இருக்குன்னுதான் தெரியும். ஏறுதா, எவ்வளவு வேகமா ஏறுதுன்னு தெரியாது. ரெண்டாவது எண் வந்தாத்தான் எத்தனை நாள் இருக்குன்னு என்னால கணக்குப் போட முடியும். துறைக்காரங்களும் அப்பத்தான் நம்புவாங்க.”

“பத்தொம்போது வருஷம் ரெண்டு வேளை சொன்னவன். ரெண்டு தடவை அழுத்தமாட்டேனா?”

நான் சொன்னது தவறில்லை. எந்தப் பொறியாளரும் அதைத்தான் கேட்பார். ஆனால் அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்த வேலையை நான் செய்கிறேன் என்ற திருப்தி. அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

விடியற்காலையில் அவர் போனார். முதுகில் ரொட்டியும் ஒரு போத்தல் தேநீரும், சட்டைப்பையில் ஊக்கு. வானம் சுத்தமாக இருந்தது. ஐந்தாவது நாளாக மேகமே இல்லை என்றாள் பூர்மகான். வெயில் நல்லது என்று நினைக்கிறவர்கள் பனியாற்றுக்குக் கீழே வாழாதவர்கள்.

பத்து மணிக்குத் திடலில் கூட்டம் சேர்ந்தது. நான் கம்பத்தின் அடியில், ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தேன். பெண்கள் தட்டுகளோடு என்னைக் கடந்து போனார்கள். “இன்னும் அதையேவா பாத்துட்டிருக்கே? கண்ணு வலிக்காதா?” “விடுடி, மக வீட்டுல முதல் தடவை தங்க வந்திருக்கா.” ஒருத்தி என் கையில் பொரித்த மாவுருண்டைகளைத் திணித்துவிட்டுப் போனாள். அவை சூடாக இருந்தன. எனக்குப் பசித்ததும் நினைவிருக்கிறது.

பதினொன்று. 212. பதினொன்றரை. 212.

திடலில் சிறுமிகளின் ஓட்டம் தொடங்கியது. குழந்தை கால் கட்டப்பட்டு, தொப்பியோடு, திகைத்து நின்றது. எல்லோரும் கத்தினார்கள். நான் ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பினேன். திரும்பிப் பார்க்கும்போது, பதினொன்று நாற்பதுக்கு, எண் மாறியிருந்தது.

391.

பிறகு சங்கு. அதன் ஒலியை நான் அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், துணி போட்டு மூடி. திறந்த வெளியில் அது வேறு. குதிரைகள் கயிற்றை அறுத்தன. ஒரு நொடி யாரும் அசையவில்லை. பச்சை விளக்கு இருந்த இடத்தில் சிவப்பைப் பார்த்தார்கள். அடுத்த நொடி எல்லோரும் ஓடினார்கள், மேட்டுக்கு, இடுகாட்டுப் பக்கம். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. ஊர்த்தலைவர் பேரனைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார். குழந்தையின் கால்கள் இன்னும் கட்டப்பட்டிருந்தன.

நான் கடைசியாக ஏறினேன். ஏறும்போதுதான் அது உறைத்தது. எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியாது. பெட்டியில் எண்ணைக் காட்டும் திரை இல்லை. வானொலியை வாங்கிக்கொண்டார்கள். சங்கின் ஒலி அவ்வளவு உயரத்துக்குப் போகாது. அவருக்குக் கண் இருக்கிறது, பத்தொன்பது வருடம் பார்த்த ஏரி, விளிம்பு வரை நிற்பதைப் பார்த்ததும் ஓடியிருப்பார் என்று நினைத்தேன். உடனே இன்னொன்றும் நினைத்தேன். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து இன்னொரு முறை அழுத்தச் சொன்னவள் நான். சொன்னதைச் செய்கிற ஆள் அவர்.

பூர்மகான் இடுகாட்டுச் சுவரோரம் நின்றிருந்தாள். தலைத்துணி ஊக்கில்லாமல் தோளில் நழுவிக் கிடந்தது.

“ரெண்டாவது எப்ப?” என்றாள்.

“பன்னெண்டு நாப்பதுக்கு.”

பன்னிரண்டேகாலுக்கு ஆற்றின் சத்தம் குறைந்தது. தண்ணீர் வடிந்து கற்கள் தெரிந்தன. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஈர மண்ணின் நாற்றம் வந்தது, ஒலிக்கு முன்பே. காலடியில் நிலம் அதிர்ந்தது. பள்ளத்தாக்கின் திருப்பத்தில் தோன்றியது தண்ணீராகத் தெரியவில்லை. காடு ஒன்று நின்றபடியே நடந்துவருவது போலிருந்தது. பாலம் போனது. திடல், கூடாரங்கள், அண்டாக்கள், கீழ்த்தெரு முழுவதும். ஏழு நிமிடம் இருக்கும். யாரோ ஆட்களை எண்ணத் தொடங்கினார்கள். எண்ணி முடித்தபோது ஊரில் இருந்த அத்தனை பேரும் மேட்டில் இருந்தார்கள். அழுதார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஊர்த்தலைவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உன் பெட்டி காப்பாத்துச்சும்மா” என்றார். கைகளை உருவிக்கொள்ளக்கூட எனக்குத் தெரியவில்லை.

கம்பம் மேட்டுத் தெருவில் இருந்ததால் தப்பியது. அங்கிருந்தே தெரிந்தது. பன்னிரண்டு நாற்பது. 391. ஒரு மணி. 391.

ஏரி இப்போது காலியாகியிருக்கும். அடியில் ஒரு குட்டை மிஞ்சியிருக்கலாம், முப்பது சென்டிமீட்டர், நாற்பது. பெட்டி பாறை மேல் பத்திரமாக உட்கார்ந்து, இல்லாத தண்ணீரை அரைமணிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கிறது. யாராவது அந்தத் துளைக்குள் ஊக்கை நுழைத்தால் மட்டும் எண் விழும். சின்ன எண் வந்தால் அவர் உயிரோடு இருக்கிறார்.

மாலையில் நான்கு பேர் அவரைத் தேடி மறுபக்க முகடு வழியாகப் புறப்பட்டார்கள். பழைய பாதை இல்லை, சுற்றிப்போக இரண்டு நாள் ஆகும். ஹெலிகாப்டர் திங்கட்கிழமை, காற்று அனுமதித்தால் என்றார்கள். எர்னிஸ் அழைத்தான், குரல் உடைந்திருந்தது. “எஜே, முந்நூறு பேராம். எல்லா செய்தியிலயும் நம்ம பெட்டிதான். பழைய கதையெல்லாம் இனிமே யாருக்கும் வேண்டாம், சரியா?” நான் துண்டித்தேன். வேண்டாம் என்ற சொல்லை இனி என்னால் கேட்க முடியாது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை துறையிலிருந்து ஒரு வண்டி, பாலம் இல்லாததால், ஆற்றின் அக்கரையிலேயே நின்றது. ஒருவர் மட்டும் கம்பி பிடித்துக் கடந்து வந்தார். சிவப்பு விளக்கை அணைக்க வேண்டும், ஆபத்து முடிந்துவிட்டதாக அறிவிக்க வேண்டும் என்றார். கம்பத்தின் அடிப்பெட்டியைத் திறக்கப் போனார். பூர்மகான் அவருக்கும் கம்பத்துக்கும் நடுவில் போய் நின்றாள்.

“அம்மா, இது பழைய எண். இதுக்கு அர்த்தமே இல்ல.”

“எனக்குத் தெரியும்” என்றாள். “இவ சொல்லியிருக்கா. இருக்கட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் போய் ஒரு கல்லில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

நாங்கள் இருவரும் மரப்பெட்டிமேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவளுக்குப் பார்வை மங்கல், கண்ணாடி கீழ்த்தெரு வீட்டோடு போய்விட்டது. அதனால் அரைமணிக்கு ஒருமுறை என்னைத்தான் கேட்கிறாள்.

“இப்ப என்ன சொல்றா?”

“முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு.”

பெட்டியின் சோலார் தகடு நன்றாக வெயில் படும்படி வைத்திருக்கிறது, பேட்டரி புதியது. யாரும் தொடாமல் ஐந்து ஆண்டு ஓடும். அந்தக் கணக்கும் நான் போட்டதுதான், அது சரியான கணக்கு.